காராமணிப் பூங்காம்பில் எறும்பு: பொடி தூவலாமா, விட்டுவைக்கலாமா?

வேலியோரம் (அணைக்கட்டு)

வணக்கம். அணைக்கட்டு பக்கம் எங்களுக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) நிலம். வரப்பு ஓரமாக ஆமணக்கும், ஊடே காராமணியும் போட்டிருக்கிறோம். காராமணி இப்போது பூவெடுத்திருக்கிறது. பூங்காம்பின் நுனியில் விடிந்ததிலிருந்து எறும்பு நிற்கிறது. கருப்பு, கொஞ்சம் பெரியது, சுள்ளெறும்பு இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் சாறு உறிஞ்சும் அசுவினி ஒன்றுகூட இல்லை. மாவுப்பூச்சியும் இல்லை. பூவுக்குள்ளும் எறும்பு போகவில்லை. பூ உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் காம்பில் வாயை வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறது. விரலால் தட்டினால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது.

மருந்துக் கடையில் கேட்டேன். "எறும்பு வந்தால் பின்னாலேயே அசுவினி வரும், முதலில் பொடி தூவுங்கள்" என்று ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார்கள். அம்மாவோ, "எறும்பு இருந்தால் இருக்கட்டும், புழுவை இழுத்துக்கொண்டு போகும்" என்கிறார். இன்னும் வாங்கவில்லை. ஆமணக்கிலும் அதே எறும்பு, இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில் நிற்கிறது. இந்த இரண்டு செடியிலும் அப்படி என்னதான் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இலைக்கணு (வேலூர்)

பொடி வேண்டாம். அம்மா சொல்வதுதான் சரி. நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காராமணிப் பூங்காம்பைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பாருங்கள். பூக்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் சின்னச் சின்ன மேடுகள், மேலே குழி விழுந்த மாதிரி தெரியும். பூவாக வளராமல் நின்றுபோன மொட்டுகள் அவை. தேன்சுரப்பியாக மாறிவிட்டன. காலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் குழிக்குள் பளபளவென்று ஒரு சொட்டு நிற்கும். எறும்பு வாய் வைத்திருப்பது அதில்தான். ஆமணக்கில் லென்ஸ்கூட வேண்டாம். இலைக்காம்பு முடிகிற இடத்தில் பரு மாதிரி இரண்டு சுரப்பிகள் வெறும் கண்ணுக்கே தெரியும். காம்பின் அடிப்பக்கமும் இருக்கும்.

பூவுக்குள் இருக்கும் தேன் மகரந்தச் சேர்க்கைக்காக. இது பூவுக்கு வெளியே, அந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் சுரக்கிறது. சர்க்கரை, கூடவே கொஞ்சம் அமினோ அமிலம். குளவியும் பொறிவண்டும் வந்து குடிப்பதுண்டு. ஆனால் அதிகம் வருவது எறும்புதான். உலகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தாவரக் குடும்பங்களில், ஏறத்தாழ 4000 இனங்களில் இப்படிப்பட்ட சுரப்பிகள் பதிவாகியிருக்கின்றன. நம் பக்கத்திலேயே எவ்வளவு இருக்கிறது பாருங்கள்: பூவரசு இலையின் அடியில் நடுநரம்பு தொடங்கும் இடம், பருத்தி இலையின் நடுநரம்பு, சுரைக்காய் இலைக்காம்பின் உச்சி, பீர்க்கு, முருங்கை, எள், காட்டாமணக்கு, வேலியில் நிற்கிற சீமைக்கருவேலம்.

இது ஊரில் காவல்காரருக்கு நெல் அளப்பது மாதிரி. தேன் கிடைக்கிற செடியை எறும்பு தன் இடமாக எடுத்துக்கொள்கிறது. குடித்துவிட்டு உடனே இறங்குவதில்லை. இலைக்கு மேலும் கீழும் சுற்றும். வழியில் அந்துப்பூச்சி முட்டை தென்பட்டால் தூக்கிக்கொண்டு போகும். பொரித்து வந்த குட்டிப் புழுவைக் கடிக்கும், இழுக்கும். புழு நூல் விட்டுக் கீழே தொங்கினால் அதோடு அந்த இலை தப்பித்தது. கருப்புக் கட்டெறும்பு கொட்டாது, கடித்துவிட்டு அந்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். இலை தின்னும் வண்டு வந்து உட்கார்ந்தாலும் காலைப் பிடிக்கும். கொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நிம்மதியாகத் தின்ன விடாமல் செய்தாலே செடிக்கு லாபம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பருத்தியில் புழு இலையைக் கடிக்க ஆரம்பித்ததும், கடிபட்ட அந்த இலையிலேயே தேன் சுரப்பு கூடுகிறது. செடிக்குள் காயம் பட்டால் உண்டாகும் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன்தான் சுரப்பியைத் திறந்துவிடுகிறது என்று மக்கரங்கா என்ற மரத்தில் மார்ட்டின் ஹைல் குழுவினர் 2001இல் காட்டினார்கள். எந்த இலையில் ஆபத்தோ அங்கே எறும்பு குவிகிற மாதிரி செடி செய்துகொள்கிறது.

மாடி அவரை (சத்துவாச்சாரி)

மேடம், என் அனுபவம் வேறு. மாடியில் தொட்டியில் அவரையும் கத்தரியும் வைத்திருக்கிறேன். எறும்பு ஏறிய செடியில்தான் அசுவினி அப்புகிறது. இலையெல்லாம் பிசுபிசுவென்று ஆகி, அப்புறம் மேலே கருப்பாகப் படிகிறது. எறும்பை விரட்டிய தொட்டியில் அவ்வளவு இல்லை. எறும்பு நல்லது என்று படித்துவிட்டு எல்லோரும் விட்டுவைத்தால் செடி போய்விடும் என்பது என் பயம். இணையத்தில் "எறும்பு விவசாயியின் நண்பன்" என்று பொத்தாம் பொதுவாக எழுதுகிறார்களே, அது எனக்கு ஒப்பவில்லை.

இலைக்கணு (வேலூர்)

நீங்கள் சொல்வதும் முழுக்க உண்மைதான். எறும்புக்கு வேண்டியது சர்க்கரை. அதைச் செடி நேராகக் கொடுத்தால் செடியைக் காக்கும். அசுவினி கொடுத்தால் அசுவினியைக் காக்கும்.

அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி எல்லாம் செடியின் சாற்றை உறிஞ்சி, மிச்சச் சர்க்கரையைப் பின்பக்கமாகச் சொட்டவிடும். உங்கள் இலை பிசுபிசுப்பது அதனால். அதன் மேல் வளர்கிற கரும்பூசணம்தான் நீங்கள் பார்த்த கருப்பு. எறும்பு உணர்கொம்பால் அசுவினியைத் தட்டித் தட்டி அந்தச் சொட்டை வாங்கிக் குடிக்கும். பொறிவண்டோ, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவோ அசுவினியைத் தின்ன வந்தால் அதைக் கடித்து விரட்டும். அப்படிப்பட்ட இடத்தில் எறும்பைத் தடுக்கத்தான் வேண்டும். தொட்டிகளை வைத்திருக்கும் ஸ்டாண்டின் காலில் கிரீஸ் தடவுங்கள், அசுவினியைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள், பிறகு பொறிவண்டு தானாக வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே பார்க்க வேண்டியது எறும்பு எங்கே வாய் வைக்கிறது என்பதைத்தான். சுரப்பியில் வாய் வைத்தால் விடுங்கள். பூச்சியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தால் தடுங்கள். காராமணியிலும் கருப்பு அசுவினி வரும், வேலியோரம் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்ந்த, மேகமூட்டமான நாட்களில் இளங்குருத்தைப் புரட்டிப் பாருங்கள்.

தோப்புக் காவல் (குடியாத்தம்)

எங்கள் பக்கம் எறும்பு என்றாலே மாமரத்துச் செவ்வெறும்புதான். முசுறு என்றும் சொல்வார்கள். பெங்களூரா மரங்களில் உச்சியில் கூடு கூடாகத் தொங்கும். கூடு கட்டுவதை நின்று பார்த்திருக்கிறேன். ஒரு வரிசை எறும்பு இலையின் விளிம்பைக் காலால் பிடித்து, இன்னோர் இலையின் விளிம்பை வாயால் கவ்வி இழுக்கிறது. எட்டவில்லை என்றால் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விக்கொண்டு சங்கிலியாகத் தொங்குகிறது. இரண்டு விளிம்பும் சேர்ந்ததும் உள்ளிருந்து சில எறும்புகள் தங்கள் புழுக்குஞ்சை வாயில் தூக்கிக்கொண்டு வருகின்றன. அந்தக் குஞ்சின் வாயிலிருந்து வரும் நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒட்டித் தைத்துவிடுகின்றன. வெள்ளைப் பட்டு மாதிரி இருக்கும் அந்தத் தையல்.

அந்த எறும்பு இருக்கிற மரத்தில் இலை பிணைக்கும் புழு குறைவு. இலை வெட்டும் வண்டும் குறைவு. இதை எங்கள் தோப்பில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் மாங்காய் அறுக்க ஆள் வர மாட்டேன் என்கிறார்கள். மரத்தில் கை வைத்தவுடன் சட்டைக்குள் இறங்கிக் கடிக்கிறது. குத்தகைக்காரர் முதலில் கேட்பதே "முசுறு இருக்கா?" என்றுதான். இருந்தால் விலையைக் குறைப்பார், இல்லையென்றால் மருந்தடித்துத் தரச் சொல்வார். பூ வைக்கிற மார்கழி, தை மாதத்தில் ஈ வந்து மொய்த்தால்தான் மாம்பூ பிஞ்சு பிடிக்கும். எறும்பு அந்த ஈயையும் விரட்டினால் என்ன செய்வது? நான் எறும்புக்கு எதிரி இல்லை. தோப்பில் பணம் போட்டவன் என்ற முறையில் கேட்கிறேன்.

பழைய விரிவாக்கம் (விரிஞ்சிபுரம்)

வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் வேலியோரம் தம்பிக்கு. மல்லாட்டைக்கு ஓரப்பயிராக ஆமணக்கும் ஊடுபயிராகக் காராமணியும் போடச் சொல்வது பழைய பரிந்துரை. புரோடீனியா என்ற இலை தின்னும் புழுவின் அந்து மல்லாட்டையை விட ஆமணக்கு இலையில் முட்டையிட விரும்பும் என்பதால் அதைப் பொறிப்பயிராக வைப்போம். முட்டைக் குவியல் உள்ள ஆமணக்கு இலையைக் கிள்ளி அழித்துவிட்டால் போதும். அதே செடியில் எறும்பும் சுற்றினால் நல்லதுதான். பொடியைத் தூவி அந்தக் காவலைக் கலைக்காதீர்கள்.

ஆனால் எறும்பால் முடியாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வட ஆற்காடு மானாவாரி மல்லாட்டைக்குப் பெரிய எதிரி சிவப்புக் கம்பளிப்பூச்சி. கோடை மழை பெய்ததும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருந்தது அந்தாக வெளியே வரும். முட்டையையும் அன்று பொரித்த குஞ்சையும் எறும்பு எடுக்கும். கொஞ்சம் வளர்ந்து உடம்பெல்லாம் முடி வந்துவிட்டால் எறும்புக்குப் பிடி கிடைக்காது. அதற்கு விளக்குப்பொறி, ஊர் சேர்ந்து புழுவைப் பொறுக்குவது, வயலைச் சுற்றிக் குழி வெட்டுவது என்று வேறு வழி. இலைக்குள் சுரங்கம் போடும் சுருள்பூச்சியையும் எறும்பு எட்டிப் பிடிக்க முடியாது. காய்க்குள் நுழைந்துவிட்ட காய்ப்புழுவுக்கும் அப்படித்தான்.

இன்னொன்று. மண்ணுக்கடியில் இருந்துகொண்டு மல்லாட்டைக் காயைத் துளைக்கும் செவ்வெறும்பு ஒன்று உண்டு, டோரைலஸ் இனம். பகலில் வெளியே தலைகாட்டாது. செடியைப் பிடுங்கும்போது காயில் சின்ன ஓட்டை இருந்தால் அதன் வேலையாக இருக்கலாம். அதையும் காராமணிக் காம்பில் நிற்கிற எறும்பையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. கேழ்வரகு, எள் விதைத்த நிலத்தில் விதையை இழுத்துப் போகும் எறும்பும் தனி. "எறும்பு" என்று மொத்தமாகச் சொல்லி மருந்தடிப்பதில்தான் நம் ஊரில் கோளாறு நடக்கிறது.

மலையடி நடை (ஒடுகத்தூர்)

ஜவ்வாது மலை அடிவாரத்தில் நடக்கும்போது ஆவாரையைப் பாருங்கள். ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவில் காம்பின் மேல் ஒரு சின்னச் சுரப்பி நிமிர்ந்து நிற்கும். தளிர் இலையில்தான் எறும்பு அதிகம், முற்றிய இலையில் குறைவு. தளிர்தானே மென்மையாக இருக்கும், புழுவுக்குப் பிடிக்கும். எங்கே காவல் தேவையோ அங்கே கூலி என்று இலைக்கணு அக்கா சொன்னதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் புகுந்து பிழைப்பவையும் உண்டு. காராமணியிலும் அவரையிலும் வருகிற சின்ன நீலப் பட்டாம்பூச்சியின் புழு காயைத் துளைத்துத் தின்னும். தட்டையாக, பச்சையாக, நத்தை மாதிரி மெதுவாக நகரும். அதன் முதுகின் பின்பகுதியில் ஒரு சுரப்பி. எறும்பு தட்டினால் அதிலிருந்து இனிப்புச் சொட்டு வரும். அதனால் பக்கத்துச் செடியில் வேறு புழுவைக் கடிக்கிற எறும்பே இந்தப் புழுவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறது. ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட வந்தால் விரட்டுகிறது. வேலியோரம் அண்ணா, காம்பில் எறும்பு நின்றால் பிஞ்சையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பிஞ்சில் வட்ட ஓட்டையும், அதைச் சுற்றி எறும்பும் இருந்தால் இதுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹும்போல்ட்டியா என்ற சின்ன மரம் இருக்கிறது. அதன் தண்டில் கணுவுக்குக் கணு உப்பி உள்ளே வெற்றிடமாக இருக்கும், தானாகவே ஒரு வாசலும் திறந்திருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ரெனே போர்ஜஸ் குழுவினர் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள். அங்கே பல இன எறும்புகள் குடியிருந்தாலும் எல்லாமே மரத்தைக் காப்பதில்லை. சில இனங்கள் தங்க இடம், குடிக்கத் தேன் இரண்டையும் எடுத்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. மண்புழுகூட அந்தத் தண்டுக்குள் குடியேறுகிறதாம். செடி கொடுக்கிற வரை யார் வேண்டுமானாலும் வந்து அனுபவிக்கலாம் என்றுதான் இருக்கிறது நிலைமை.

புதுமுகம் காட்பாடி

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். ஒரு சந்தேகம். எறும்பு இருக்கும் செடியில் புழு குறைவு என்றால் எறும்பு காத்தது என்றே எப்படிச் சொல்வது? நல்ல செடியில் தேன் அதிகமாக இருக்கும், அதனால் எறும்பு வந்திருக்கலாம் இல்லையா? யாராவது பிரித்துப் பார்த்திருக்கிறார்களா?

இலைக்கணு (வேலூர்)

அருமையான கேள்வி, தம்பி. இதே சந்தேகம் பெரியவர்களுக்கே நூறு வருடம் போல இருந்தது.

மத்திய அமெரிக்காவில் மாட்டுக்கொம்பு மாதிரி முள் உள்ள வேலமரம் இருக்கிறது. முள் பெரிதாக உப்பி, உள்ளே வெற்றிடமாக இருக்கும். எறும்பு நுனியில் ஓட்டை போட்டு அதற்குள் குடியிருக்கும். காம்பில் தேன், சிற்றிலைகளின் நுனியில் புரதமும் கொழுப்பும் உள்ள சின்ன மஞ்சள் உருண்டை. வீடு, சாப்பாடு இரண்டும் மரமே தருகிறது. நிகரகுவாவில் சுரங்கப் பொறியாளராக இருந்த தாமஸ் பெல்ட் என்ற ஆங்கிலேயர் 1874இலேயே, இந்த எறும்புகள் மரத்துக்கு ஒரு படை என்று எழுதினார். அந்த உருண்டைகளுக்கு இன்றும் அவர் பெயர்தான். பலர் நம்பவில்லை. எறும்பு சும்மா ஒண்டியிருக்கிறது, மரத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை என்றார்கள்.

1960களில் டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்கர் மெக்சிகோவில் நீ கேட்டதைத்தான் செய்தார். ஒரே இடத்தில் நிற்கும் மரங்களில் சிலவற்றில் மட்டும் எறும்பை முழுதாக நீக்கினார், மற்றவற்றை அப்படியே விட்டார். எறும்பு நீக்கிய மரங்களைப் பூச்சிகள் மொட்டையடித்தன. சுற்றிலும் கொடிகளும் வேறு செடிகளும் மேலே ஏறி நிழலாக மூடின. எறும்பு உள்ள மரத்தில் அந்தக் கொடிகளின் குருத்தையும் எறும்பே கடித்துத் தள்ளிவிடும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்தது. 1966இல் அவர் முடிவுகள் வெளிவந்தன. நல்ல மரத்துக்கு எறும்பு வந்ததா, எறும்பு வந்ததால் மரம் நல்லா இருந்ததா என்ற கேள்விக்கு, எறும்பை நீக்கிப் பார்ப்பதுதான் பதில்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று நடந்தது. கென்யாவில் வேறொரு வேலமரம், அதற்கும் உப்பிய முள், அதற்குள் எறும்பு. யானை, ஒட்டகச்சிவிங்கி மேயாமல் 1995இலிருந்து சில இடங்களை வேலி போட்டு அடைத்தார்கள். மேய்ச்சலே இல்லாவிட்டால் மரம் செழிக்கும் என்றுதானே நினைப்போம்? டாட் பால்மர் குழுவினர் 2008இல் சொன்னது வேறு. மேய்ச்சல் இல்லாத மரங்கள் தேனையும் உப்பிய முள்ளையும் குறைத்துக்கொண்டன. தேன் குறைந்ததும் காவல் எறும்பு செதில்பூச்சியை அதிகமாக வளர்க்க ஆரம்பித்தது. பல மரங்களில் அந்த எறும்பு போய், தண்டு துளைக்கும் வண்டுக்கு இடம் கொடுக்கும் வேறு எறும்பு வந்தது. வேலிக்குள் இருந்த மரங்கள் மெதுவாக வளர்ந்தன, அதிகமாகச் செத்தன.

மாடி அவரைக்கும் இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். செடி கொடுப்பது குறைந்தால் எறும்பு சாறுறிஞ்சியிடம் போகும்.

தோப்புக் காவல் (குடியாத்தம்)

கென்யா, மெக்சிகோ எல்லாம் சரிங்க. மாம்பூவுக்கு வரும் ஈயை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே.

இலைக்கணு (வேலூர்)

மன்னிக்கவும் ஐயா, அதற்கு வருகிறேன். பல செடிகளில் பூவே எறும்பைத் தள்ளி வைக்கிறது. வாரணாசி பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நுரைப்பீர்க்கை வைத்து ஆராய்ந்தார்கள். அதே கருப்புக் கட்டெறும்பு இலையிலும் மொட்டைச் சுற்றியும் உள்ள தேனுக்கு வரும், ஆனால் விரிந்த பூவில் அதை விரட்டும் பொருள் இருப்பதால் பூவுக்குள் போவதில்லை. தேனீ தடையில்லாமல் வந்துபோகிறது. வேலியோரம் முதலில் எழுதியதைப் பாருங்கள், "பூவுக்குள்ளும் எறும்பு போகவில்லை" என்று கவனித்திருக்கிறார். அதோடு காராமணி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும், அங்கே கவலை குறைவு.

மாமரம் வேறு கதை. அங்கே முசுறு வருவது மரம் கொடுக்கும் தேனுக்காக அல்ல. கூடு கட்ட இலை, தின்னப் பூச்சி, குடிக்கச் செதில்பூச்சியின் சொட்டு. பூங்கொத்தில் அது ஈயைப் பிடிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். உங்கள் கவலை நியாயமானது.

பழைய விரிவாக்கம் (விரிஞ்சிபுரம்)

தோப்புக்காரருக்கு நான் கொஞ்சம் சொல்கிறேன். சீனாவின் தென்பகுதியில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இந்த முசுறுக் கூட்டை மூட்டையில் கட்டி விலைக்கு வாங்கி மரத்தில் தொங்கவிட்டார்கள். பிற்காலத்தில் மரத்துக்கு மரம் மூங்கில் பாலமும் வைத்தார்கள். கூட்டை விலைக்கு விற்றது கி.பி. 304 என்று சொல்லப்படும் குறிப்பிலேயே இருக்கிறது. பூச்சியை வைத்துப் பூச்சியை அடக்கியதற்கு இதைவிடப் பழைய எழுத்துச் சான்று கிடையாது.

ஆஸ்திரேலியாவின் வடக்கில் மாந்தோப்பில் இதே முசுறை வைத்து நெடுநாள் ஆராய்ச்சி நடந்தது. அங்கே கண்ட ஒரு விஷயம் நமக்கு உபயோகம். ஒரு கூட்டத்தின் கூடுகள் பல மரங்களில் பரவியிருக்கும். பக்கத்துக் கூட்டத்தின் எல்லையில் கிளைகள் தொட்டுக்கொண்டால் இரண்டும் சண்டை போட்டு இரண்டுமே மெலிந்துவிடும். எந்தெந்த மரம் எந்தக் கூட்டத்துடையது என்று பார்த்து, எல்லையில் உரசும் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு மாந்தோப்புகளில் அங்குள்ள முசுறு இனம் இருந்த மரங்களில் பழ ஈ சேதம் குறைந்தது. எறும்பு நடந்து வாசனை விட்டுப் போன காயில் பழ ஈ முட்டையிடத் தயங்குகிறது. இது நம் பக்கம் ரொம்ப முக்கியம், கடைசி அறுப்பு நீலத்தில் பழ ஈ என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கடிக்குப் பதில் என்னிடம் முழுதாக இல்லை. கையிலும் முழங்கால் வரைக்கும் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு ஏறுவார்கள், வழுக்கலில் எறும்பு பிடித்து ஏறாது. மரம் ஏறாமல் வலைத் தொரட்டியால் பறிக்கலாம். அறுப்புக்கு முந்தின நாள் கைக்கெட்டும் கூட்டை மட்டும் வெட்டி உச்சியில் இருப்பதை விடலாம்.

தோப்புக் காவல் (குடியாத்தம்)

தொரட்டி எல்லாம் செய்கிறோம் ஐயா. கூலி ஆள் நாளுக்குப் பறிக்கிற கூடை குறைந்துவிடுகிறது, அந்தக் கணக்கு எனக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டை ஒட்டிய மரங்களில் எறும்பை விட்டுவைப்பேன், அதை நாங்களே பறித்துக்கொள்வோம். குத்தகைக்கு விடும் மரங்களில் முடியாது. கிளை கழிக்கிற யோசனை புதிது, இந்த அறுப்பு முடிந்ததும் செய்து பார்க்கிறேன்.

மாடி அவரை (சத்துவாச்சாரி)

இன்று விடிகாலை அவரையைப் பார்த்தேன். கொழுந்தில் அசுவினி உள்ள கொடியில் எறும்பு அங்கேயே இருக்கிறது. அசுவினி இல்லாத கொடியில் பூங்காம்பில் நிற்கிறது. கத்தரியில் எல்லா எறும்பும் மாவுப்பூச்சிப் பக்கம்தான். கத்தரித் தொட்டிகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரி, விட மனசில்லை.

வேலியோரம் (அணைக்கட்டு)

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், ரொம்ப சந்தோஷம் அவருக்கு. பொடி வாங்கப் போவதில்லை. புதுமுகம் தம்பி கேட்டதை எங்கள் காராமணியிலேயே செய்து பார்க்க ஆசை. ஒரு வரிசையில் ஒன்றுவிட்டு ஒரு செடியில் அடித்தண்டில் கிரீஸ் தடவி எறும்பை நிறுத்திவிட்டு, இலை ஓட்டையையும் காயையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

பழைய விரிவாக்கம் (விரிஞ்சிபுரம்)

தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. கிரீஸை நேராகத் தண்டில் தடவாதீர்கள், இளந்தண்டு வெந்துவிடும். முதலில் தண்டைச் சுற்றி ஒட்டுத் தாளோ பாலித்தீன் துண்டோ இறுக்கமில்லாமல் சுற்றி, அதன் மேல் தடவுங்கள். எறும்பு நிறுத்தாத செடியிலும் அதே துண்டைக் கிரீஸ் இல்லாமல் சுற்றுங்கள், அப்போதுதான் ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கும். காராமணி கொடியாக ஓடி அடுத்த செடியைத் தொட்டுவிடும், அந்த வழியாக எறும்பு மாறி ஏறும். தொடுகிற கொடியை ஒதுக்கிக் குச்சியில் கட்டிவிடுங்கள். புல்லும் தண்டில் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்தாலோ தூசி படிந்தாலோ கிரீஸைப் புதுப்பிக்க வேண்டும்.

பார்ப்பதென்றால் விடியலில் பாருங்கள். நம்ம வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் எறும்பு இறங்கிவிடும், அப்போது போய்ப் பார்த்துவிட்டு எறும்பே இல்லை என்று எழுதிக்கொள்ளக் கூடாது. இருட்டிய பிறகு டார்ச் வைத்தும் ஒருமுறை பாருங்கள், புழு தின்கிற நேரம் அது.

மலையடி நடை (ஒடுகத்தூர்)

பிஞ்சு ஓட்டையைத் தனிக் கணக்காக எழுதுங்கள் அண்ணா, இலை ஓட்டையோடு சேர்க்காதீர்கள். நீலப் பட்டாம்பூச்சி இருந்தால் எறும்பு உள்ள செடியில் இலை நல்லா இருந்து பிஞ்சு மட்டும் அடிபட்டிருக்கலாம். எந்த வகை எறும்பு என்று பார்க்க, எறும்பைக் கிட்டே வைத்து ஒரு படமும் போடுங்கள், இடுப்பு ஒரு கணுவா இரண்டு கணுவா என்று தெரிகிற மாதிரி.